டேக்வாண்டோவும் கராத்தேயும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

டேக்வாண்டோ கத்துக்கிற பசங்க, அவங்களக் கூட்டிட்டு வர்ற அப்பா அம்மா, கராத்தே பண்ற நண்பர்கள்னு எல்லாரும் திரும்பத் திரும்ப கேட்கிற கேள்விகள் இதெல்லாம். நான் டேக்வாண்டோ பக்கத்து ஆளு. அந்தக் கலை மேல உசுரையே வச்சிருக்கேன், அதனாலதான் அது எங்கருந்து வந்துச்சுங்கறத மழுப்பாம சொல்லணும்னு நினைக்கிறேன்.

சுத்தி வளைக்காம சொல்லுங்க, டேக்வாண்டோ கராத்தேல இருந்து வந்ததா?

ஆமா. 1940-கள்ல கொரியாவுல ஆரம்பிச்ச முதல் பள்ளிகள்ல சொல்லிக் கொடுத்தது பெரும்பாலும் ஜப்பான்ல கத்துக்கிட்டு வந்த கராத்தேதான், கொஞ்சம் சீனக் கலையும் அதுல கலந்திருந்துச்சு. அதுக்கப்புறம் ஒரு முப்பது வருஷத்துல கொரியாக்காரங்க அத வேற ஒண்ணா மாத்திட்டாங்க. இந்த ரெண்டு வரியையும் சேத்துதான் சொல்லணும், ஒண்ண மட்டும் சொன்னா அது பாதி உண்மைதான்.

எங்க கிளாஸ்ல 2000 வருஷம் பழசுன்னு சொன்னாங்களே?

பல கிளாஸ்ல அப்படித்தான் சொல்றாங்க, மாஸ்டர்கள குத்தம் சொல்ல முடியாது, அவங்களுக்கு வந்த புத்தகத்துலயே அப்படித்தான் போட்டிருந்துச்சு. கோகுர்யோங்கற பழைய கொரிய ராஜ்யத்துக் காலக் கல்லறைச் சுவர் ஓவியத்துல ரெண்டு பேர் கைய நீட்டிக்கிட்டு எதிரெதிரா நிக்கிறாங்க, சில்லாங்கற பழைய கொரிய நாட்டுல ஹ்வாராங் வீரர்கள் இருந்தாங்க, சுபாக்னு ஒரு கைச்சண்டை பழைய நூல்கள்ல வருது, இதெல்லாம் சேத்து ஒரு நேர்க்கோடு போட்டு அதோட கடைசில டேக்வாண்டோவ வச்சிடுவாங்க.

ஓவியம் இருக்கறது நிஜம், சுபாக் இருந்ததும் நிஜம். கொரியாவுல சண்டைக்கலையே இல்லன்னு யாரும் சொல்லல. 1790-ல ஜோங்ஜோ மன்னர் உத்தரவுல முயே டோபோ டோங்ஜின்னு படம் போட்ட ராணுவப் பயிற்சி நூலே வந்திருக்கு, அதுல வாள், ஈட்டி, குதிரைச் சவாரி எல்லாம் இருக்கு, வெறுங்கை சண்டைக்கும் ஒரு அத்தியாயம் இருக்கு (அந்த அத்தியாயத்துக்கு அடிப்படை மிங் காலத்து சீனத் தளபதி ச்சி ஜிகுவாங் எழுதினது). ஆனா அந்தச் சுவர் ஓவியத்துல நிக்கிற ஆளுக்கும் இன்னிக்கு டோபோக் (டேக்வாண்டோ உடுப்பு) போட்டுட்டு தேகுக் வரிசைல முதல் பும்சே (வரிசையா தனியா செஞ்சு காட்டற அசைவுகள்) பண்ற குழந்தைக்கும் நடுவுல, இவர்கிட்ட இருந்து இவர் கத்துக்கிட்டார்னு ஒரு குரு சிஷ்ய வரிசை கிடையாது. கராத்தேக்கும் டேக்வாண்டோவுக்கும் நடுவுல அந்த வரிசை இருக்கு, பேர் சொல்லி, ஊர் சொல்லி, வருஷம் சொல்லி காட்ட முடியும்.

சரி, காட்டுங்க. யார் யார்?

ஜப்பான் 1910-ல கொரியாவ தன்னோட சேத்துக்கிச்சு, 1945 ஆகஸ்ட் வரைக்கும் ஆட்சி பண்ணிச்சு. மேல்படிப்பு வேணும்னா வசதி இருக்கற கொரிய இளைஞர்கள் டோக்கியோவுக்குப் போனாங்க. அதே நேரத்துல டோக்கியோ பல்கலைக்கழகங்கள்ல கராத்தே கிளப் புதுசா சூடு பிடிச்சிருந்துச்சு, ஏன்னா ஒகினாவால இருந்து கிச்சின் ஃபுனகோஷி 1922-ல வந்து செஞ்சு காட்டினதுக்கு அப்புறம்தான் ஜப்பான் மெயின்லேண்ட்ல அது பரவ ஆரம்பிச்சது. அதனால கொரிய மாணவர்கள் போய்ச் சேந்தது ஏதோ பழங்காலத்துக் கலைல இல்ல, அந்த ஊருக்கே அப்பதான் வந்திருந்த ஒரு கலைல.

லீ வோன் குக் சூவோ பல்கலைக்கழகத்துல படிச்சப்ப ஃபுனகோஷியோட ஷோட்டோகான்ங்கற கராத்தே பாணிய கத்துக்கிட்டார், திரும்பி வந்து 1944-ல சியோல்ல ஆரம்பிச்சதுதான் சுங் டோ க்வான். ரோ ப்யுங் ஜிக்கும் ஃபுனகோஷி மாணவர்தான், அவரும் அதே 1944-ல கேசோங்ல சோங் மூ க்வான் ஆரம்பிச்சார், அந்த ஊர் இப்ப வட கொரியாவுல இருக்கு. க்வான்னா நம்ம பக்கத்து சிலம்பக்கூடம் மாதிரி, ஒரு ஆசான், அவரோட பாணி, அவரோட ஆளுங்க.

சுன் சாங் சுப்னு இன்னொருத்தர், ஜப்பான்ல படிச்சவர், சியோல்ல ஒரு ஜூடோ பள்ளிக்குள்ளயே கராத்தே பிரிவு ஆரம்பிச்சார், அதுதான் பின்னாடி ஜி டோ க்வான். அப்புறம் யூன் ப்யுங் இன். இவரோட கதை எனக்கு ரொம்பப் பிடிக்கும். மஞ்சூரியாவுல வளந்து அங்கேயே சுவான் ஃபாங்கற சீனச் சண்டைக்கலை கத்துக்கிட்டவர், டோக்கியோவுல நிஹோன் பல்கலைக்கழகத்துக்குப் படிக்கப் போனப்ப டோயாமா கான்கென்ங்கற கராத்தே ஆசான் பழக்கமானார், நீ எனக்கு சீனக் கலை சொல்லிக் கொடு நான் உனக்கு கராத்தே சொல்லித் தர்றேன்னு ரெண்டு பேரும் பரிமாறிக்கிட்டதா சொல்வாங்க. அவர் 1946-ல சியோல் ஒய்எம்சிஏல ஆரம்பிச்ச வகுப்புதான் சாங் மூ க்வான் ஆச்சு. சுன் சாங் சுப், யூன் ப்யுங் இன் ரெண்டு பேருமே கொரியப் போர்ல சியோல விட்டு மறைஞ்சு போனாங்க. முதல் தலைமுறைல ரெண்டு ஆசான்களை ஒரே போர்ல இழந்த கலை இது, அத யாரும் பேசறதே இல்லைன்னு எனக்கு வருத்தம் உண்டு.

அஞ்சாவது ஹ்வாங் கீ, மூ டுக் க்வான், 1945. இவர் ஜப்பானுக்குப் போய் படிக்கல, மஞ்சூரியா பக்கம் ரயில்வேல வேலை பாத்தவர், அங்க சீனக் கலை கத்துக்கிட்டதா சொன்னார், ஒகினாவா கராத்தே புத்தகங்களைப் படிச்சதையும் அவரே பின்னாடி எழுதியிருக்கார். முதல்ல தன் கலைக்கு ஹ்வா சூ டோன்னு பேர் வச்சார், ஆளே வரல, ஏன்னா ஜனங்களுக்குத் தெரிஞ்ச பேர் டாங் சூ டோ (கராத்தேங்கறதோட கொரியப் பேர்), அதனால அந்தப் பேருக்கே மாறினார்.

பேர் வரிசை ஓகே, ஆனா அசைவுகள்ல ஆதாரம் இருக்கா?

இருக்கு, நீங்களே வீட்டு ஹால்ல செஞ்சு பாக்கலாம். ஷோட்டோகான் கராத்தேல முதல் கட்டா (பும்சே மாதிரி கராத்தேல பண்றது) ஹேயான் ஷோடான். ஐடிஎஃப்ங்கற சங்கத்தோட டேக்வாண்டோல முதல் பேட்டர்ன் (அவங்க பும்சேக்கு வச்ச பேர்) சோன் ஜி. இப்ப ஒலிம்பிக் பக்கத்து டேக்வாண்டோல முதல் பும்சே தேகுக் இல் ஜாங். மூணையும் ஆரம்பிங்க: இடது பக்கம் திரும்பி கீழ்த்தடுப்பு, வலது கால் முன்வச்சு குத்து, அப்படியே வலது பக்கமா பின்னாடி திரும்பி மறுபடி கீழ்த்தடுப்பு. மூணுலயும் இதே மூணு அசைவு. நாலாவதுலதான் பிரியுது, ஹேயான்ல முன்காலை இழுத்து கைமுஷ்டிய சுத்தி சுத்தியல் மாதிரி இறக்குவாங்க, மத்த ரெண்டுலயும் இடது கால் வச்சு அடுத்த குத்துக்குப் போயிடும்.

இத விட நுணுக்கமான ஒரு சான்று இருக்கு. ஹேயான் கட்டாக்கள் அஞ்சும் ஒகினாவால பின்னான்ங்கற பேர்ல இதோசு அன்கோ பள்ளிக்கூடப் பசங்களுக்காக உருவாக்கினது. இதோசுவோட வரிசைல மேல சொன்ன கட்டா ரெண்டாவது. ஃபுனகோஷிதான் ஒண்ணையும் ரெண்டையும் இடம் மாத்தி வச்சார். கொரியாவுல டாங் சூ டோ ஆளுங்க அதே அஞ்சையும் ப்யுங் ஆன்ங்கற பேர்ல பண்றாங்க, அதுல எது முதல்ல வருதுன்னு பாத்தா ஃபுனகோஷி மாத்தி வச்ச வரிசைதான். ஒகினாவால இருந்து நேரா வந்திருந்தா இப்படி இருக்காது. டோக்கியோ வழியாத்தான் வந்துச்சுன்னு இந்த ஒண்ணே சொல்லிடுது. மத்த கட்டாக்கள்லயும் பஸ்ஸாய் அங்க பல்சேக் ஆச்சு, குசான்கு கோங் சாங் குன் ஆச்சு, ஒரே சீன எழுத்த கொரியாக்காரங்க அவங்க உச்சரிப்புல படிச்சாங்க, அவ்வளவுதான்.

டேக்கியான்னு ஒண்ணு இருக்காமே, கால் உதை எல்லாம் அதுல இருந்துதானே வந்துச்சு?

டேக்கியான் அசல் கொரியக் கலை, சந்தேகமே வேண்டாம். நடனம் மாதிரி முழங்கால மடக்கி ஆடிக்கிட்டே எதிராளிய உதைச்சும் கால வாரியும் விழ வைக்கிற விளையாட்டு. ஜப்பான் ஆட்சில கிட்டத்தட்ட அழிஞ்சே போச்சு, சோங் டுக் கி ஒருத்தர் (1893-ல பொறந்தவர்) அத மனசுலயும் உடம்புலயும் காப்பாத்தி வச்சிருந்தார், 1983-ல கொரிய அரசு அத தேசியப் பண்பாட்டுச் சொத்தா அறிவிச்சது, 2011-ல யுனெஸ்கோ பட்டியல்லயும் வந்துடுச்சு.

ஆனா க்வான் ஆரம்பிச்ச அந்த அஞ்சு பேர்ல யாரும் டேக்கியான் ஆசானா இருந்தவங்க இல்ல. டேக்கியான் அசைவையும் டேக்வாண்டோ அசைவையும் பக்கத்துல பக்கத்துல வீடியோ போட்டுப் பாருங்க, தாளம், நிக்கிற விதம், உதை கிளம்பற இடம் எல்லாமே வேற. உதைக்கணும்ங்கற ஆசை, கால் மேல இருக்கற பெருமை, அது கொரியப் பண்பாட்டுல இருந்து வந்திருக்கலாம்னு நானும் நம்பறேன், டெக்னிக் வந்ததா சொல்றதுக்கு மட்டும் சான்று இல்ல.

டேக்வாண்டோங்கற பேர் யார் வச்சது?

சோய் ஹாங் ஹீ, ராணுவ ஜெனரல். 1918-ல இப்போதைய வட கொரியப் பகுதில பொறந்தவர், ஜப்பான்ல படிக்கறப்ப ஷோட்டோகான் கத்துக்கிட்டவர். 1950-கள்ல தென் கொரிய அதிபர் சிங்மன் ரீ முன்னாடி ராணுவ வீரர்கள் ஒரு டெமோ பண்ணாங்க, நாம் டே ஹீ அடுக்கி வச்ச ஓடுகளை ஒரே குத்துல உடைச்சார், அதப் பாத்துட்டு அதிபர் இது நம்ம டேக்கியான்னு சொன்னதா சொல்வாங்க. டேக்கியான்ங்கற ஒலிக்குப் பக்கத்துல வர்ற மாதிரி ஒரு பேர தேடித்தான் டே க்வோன் வந்துச்சு, 1955-னு சொல்றாங்க.

எல்லாரும் உடனே ஒத்துக்கல. ஆளாளுக்கு டாங் சூ டோ, கோங் சூ டோன்னே வச்சிருந்தாங்க, ரெண்டுமே கராத்தேங்கற பேரோட பழைய எழுத்தும் புது எழுத்தும்தான். 1961-ல பார்க் சுங் ஹீ ராணுவ ஆட்சி வந்து எல்லாரும் ஒரே சங்கமா சேருங்கன்னு நெருக்கினப்ப டே சூ டோன்னு ஒரு சமரசப் பேர் வச்சாங்க, 1965-லதான் மறுபடி டேக்வாண்டோ ஆச்சு. ஹ்வாங் கீ அந்தச் சங்கத்துல நிலைக்காம தனியாவே இருந்துட்டார்.

இவ்வளவு தெளிவா இருந்தா ஏன் மறைச்சாங்க?

35 வருஷம் அடிமையா இருந்த ஜனங்க அவங்க. பள்ளிக்கூடத்துல தாய்மொழி கூடாதுன்னு ஆச்சு, 1940-ல இருந்து ஜப்பான் பேர் வச்சுக்கணும்னு நெருக்குதல், இளைஞர்கள கூட்டிட்டுப் போய் அவங்க போர்ல நிறுத்தினாங்க, சோய் ஹாங் ஹீயும் அப்படிப் பிடிச்சுட்டுப் போன ஆள்தான். அதுல இருந்து வெளிய வந்த ஒரு நாடு, தன்னோட ராணுவத்துக்கும் பள்ளிக்கூடத்துக்கும் சொல்லிக் கொடுக்கற கலைய ஜப்பான்ல இருந்து வந்ததுன்னு எப்படி சொல்லும்? நான் அந்த இடத்துல நின்னு யோசிச்சுப் பாக்கறேன், அவங்க மேல கோவம் வரல. ஆனா அது 1950, 60-களோட தேவை. இன்னிக்கு அந்த நாட்டுக் கலைய உலகமே கத்துக்குது, இன்னமும் பத்து வயசுப் புள்ளைக்கு ஹ்வாராங் வீரன் டேக்வாண்டோ பண்ணான்னு சொல்லிக் கொடுக்கணுமா? லீ வோன் குக், யூன் ப்யுங் இன் பேரெல்லாம் தெரியாமலே ஒரு பிளாக் பெல்ட் வெளிய போறது அந்த ஆசான்களுக்கு நாம செய்ற அநியாயம்னுதான் எனக்குத் தோணும். கொரியாவுலயே ஆய்வாளர்கள் பலர் இப்ப கராத்தே வேர வெளிப்படையா எழுதறாங்க.

அப்ப டேக்வாண்டோ வெறும் காப்பிதானா?

இல்ல, இந்தக் கேள்விக்குத்தான் நான் ரொம்ப நேரம் பேசுவேன்.

ரூல் மாறினா உடம்பு மாறும். கொரியாவுல 1960-கள்ல நெஞ்சுக்கு கவசம் போட்டு நிஜமாவே முழு பலத்தோட அடிக்கிற போட்டி வந்துச்சு, அப்ப ஜப்பான் கராத்தே போட்டில அடி பட்டும் படாம நிறுத்தணும். கவசம் இருந்ததால உதை வாங்கினாலும் தாங்க முடிஞ்சது, அதனால பயப்படாம உதைச்சாங்க. முகத்துல கைக்குத்து கூடாதுன்னு ஆனதும் கைய மேல தூக்கி வச்சிருக்க வேண்டிய அவசியம் குறைஞ்சது. உதை தூரத்துல இருந்தே வரும், அதனால நீளமா பதிஞ்சு நிக்கிறது போச்சு, காலை ஒடுக்கி ஸ்பிரிங் மாதிரி துள்ளிக்கிட்டே நிக்க ஆரம்பிச்சாங்க. எதிராளி உதைச்சு கால் இறங்கறதுக்குள்ள திரும்பி பின்னுதை போடறது, ரெண்டு காலும் காத்துல இருக்கறப்பவே மாத்தி மாத்தி சுழல் உதை, தலைக்கு சுழற்றி வர்ற கொக்கி உதை, இதெல்லாம் எந்த ஜப்பான் ஆசானும் சொல்லிக் கொடுத்தது இல்ல. கொரியாவுல ஜிம்ல வேர்வை சிந்தி, தோத்து, யோசிச்சு பசங்க கண்டுபிடிச்சது.

பழைய வேர் எங்க மிச்சம் இருக்குன்னா பும்சேல. சண்டைல எண்பது சதம் கால்னு பேசறோம், தேகுக் இல் ஜாங்ல எத்தன உதை இருக்கு? ரெண்டே ரெண்டு முன்னுதை. மீதி எல்லாம் கைத்தடுப்பும் குத்தும், இன்னொரு கை இடுப்புல. அங்க தாத்தா முகம் தெரியுது. அதுலயும் ஒரு மாற்றம் பண்ணாங்க, 1960-கள்ல வந்த பால்க்வே பும்சேகள்ல நீள நிலைதான் அதிகம், 1970-களோட ஆரம்பத்துல தேகுக் வந்தப்ப நடக்கற மாதிரி குட்டையா நிமிர்ந்து நிக்கிற ஆப் சோகிய உள்ள கொண்டு வந்தாங்க. உங்க மாஸ்டர் இது நடக்கற அளவுதான் இருக்கணும், காலை அகட்டாதன்னு திட்டறார்னா காரணம் அதுதான்.

ஐடிஎஃப், டபிள்யூடின்னு ரெண்டு டேக்வாண்டோ சங்கம் இருக்கே, எது கராத்தேக்கு கிட்ட?

ஐடிஎஃப் 1966-ல சோய் ஹாங் ஹீ ஆரம்பிச்சது. அப்புறம் அரசோட முறிஞ்சு 1972-ல கனடா போயிட்டார், 1980-ல வட கொரியாவுக்கும் கொண்டு போனார், 2002-ல ப்யோங்யாங்ல இறந்தார். தென் கொரியால 1972-ல குக்கிவோன்ங்கற டேக்வாண்டோ தலைமையகம் கட்டினாங்க, 1973-ல கிம் உன் யோங் தலைமைல உலகச் சங்கம் (இப்ப டபிள்யூடி) வந்துச்சு, 1988 சியோல், 1992 பார்சிலோனா ஒலிம்பிக்ல காட்சிப் போட்டி, 2000 சிட்னில முழு மெடல். ஐடிஎஃப்ல கையால முகத்துல குத்தலாம், பேட்டர்ன் அசைவுகள்லயும் ஷோட்டோகான் சாயல் கூட. ஆனா அவங்க ஒவ்வொரு அசைவுலயும் உடம்ப இறக்கி ஏத்தி அலை மாதிரி பண்ணுவாங்க, அத கராத்தேக்காரங்க பாத்தா உடனே வேறன்னு சொல்லிடுவாங்க.

அப்ப கராத்தேக்கு ரொம்பக் கிட்ட இருக்கற கொரியக் கலை எது?

டாங் சூ டோ. ப்யுங் ஆன் அஞ்சும் இன்னும் அப்படியே பண்றாங்க. நடிகர் சக் நோரிஸ் அமெரிக்க விமானப்படைல இருந்தப்ப கொரியாவுல ஓசான் தளத்துல கத்துக்கிட்டது இதத்தான், கராத்தே சாம்பியன்னு பேர் வாங்கினவரோட அடித்தளம் கொரியா.

ஹாப்கிடோ, யூடோ, கும்டோன்னு மத்த கொரியக் கலைகள் எல்லாம் கராத்தேல இருந்து வந்ததா?

யூடோ ஜூடோதான், கும்டோ ஜப்பான் வாள்கலையான கெண்டோதான். ஹாப்கிடோ, ஜப்பான்ல டைடோ ர்யூங்கற ஜூஜுட்சு கலைய கத்துக்கிட்டேன்னு சொன்ன சோய் யோங் சூல் 1945-க்கு அப்புறம் தேகு நகரத்துல சொல்லிக் கொடுத்ததுல இருந்து வளந்தது, அதுல பின்னாடி உதைகள் சேந்துச்சு. கராத்தேயோட நேரடி சம்பந்தம் இல்ல.

கொரியாக்காரங்க கராத்தேக்கு திருப்பி ஏதாவது கொடுத்தாங்களா?

பெருசா கொடுத்தாங்க! க்யோகுஷின் கராத்தே ஆரம்பிச்ச மாஸ் ஓயாமா கொரியாவுல பொறந்தவர், பொறந்த பேர் சோய் யோங் இ. ஃபுனகோஷிகிட்ட ஷோட்டோகான் கத்துக்கிட்டார், அப்புறம் கோஜு ர்யூங்கற இன்னொரு கராத்தே பாணிய கத்துக் கொடுத்தவரும் சோ நேய் சூங்கற ஒரு கொரியர்தான். 1964-ல அவர் அமைப்பு வந்துச்சு, கவசமே இல்லாம நேரடியா அடிச்சுக்கிற கராத்தேய உலகம் முழுக்க கொண்டு போனது அவர். அதே மாதிரி டோக்கியோவுல கான்புகான் பள்ளிய நடத்தினது யூன் க்வே ப்யுங், அவர்தான் பின்னாடி கொரியா திரும்பி ஜி டோ க்வான் தலைவரானார்.

கராத்தேயே ஜப்பானோடது இல்லன்னு சொல்றாங்களே?

ஒகினாவாவோடது. அது ரியூக்யூங்கற தனி ராஜ்யம், 1879-லதான் ஜப்பான் அத முழுசா விழுங்கிச்சு. சீனாவுல ஃபூஜியான் பக்கத்துக் கலை அங்க கலந்திருக்கு. டோக்கியோ போனதும் ஜூடோல இருந்து வெள்ளை உடுப்பும் பெல்ட்டும் எடுத்துக்கிட்டாங்க, சீனாவைக் குறிக்கிற எழுத்த மாத்தி வெறுங்கைங்கற எழுத்த வச்சாங்க, 1936-ல ஒகினாவாவோட நாஹா நகரத்துல மூத்த ஆசான்கள் கூடி அந்த எழுத்தயே ஏத்துக்கிட்டாங்க. தங்களுக்கு வந்த கலைய தங்களோடதா மாத்தி, பேரையும் மாத்தினது கொரியா மட்டும் இல்ல, அதுக்கு ஒரு தலைமுறை முன்னாடி ஜப்பானும் அதையேதான் பண்ணிச்சு.

அப்ப போதிதர்மர்? எல்லாமே காஞ்சிபுரத்துல இருந்து போனதுதானே?

நம்ம ஊர்ல இந்தக் கேள்வி வராம இருக்காது. போதிதர்மர் தென்னிந்திய மன்னரோட மூணாவது மகன்னு பழைய சீனக் குறிப்பு ஒண்ணு சொல்லுது, காஞ்சி, பல்லவர்ங்கறது அதுக்கு மேல பின்னாடி வந்த மரபு, அதே காலத்து இன்னொரு குறிப்பு அவர் மேற்குப் பக்கத்து நாட்டுக்காரர்னு சொல்லுது. தியானத்தோட பெரிய ஆசான், அதுல மாற்றுக் கருத்து இல்ல. ஆனா அவர் சண்டைக்கலை சொல்லிக் கொடுத்தார்ங்கற கதை அவருக்கு ஆயிரம் வருஷம் கழிச்சு, 17-ஆம் நூற்றாண்டு உடற்பயிற்சி நூல் ஒண்ணுல இருந்து கிளம்பினது. சுவர் ஓவியத்த வச்சு கொரியாக்காரங்க போட்ட நேர்க்கோடு தப்புன்னா நாம காஞ்சிபுரத்துல இருந்து போடற கோட்டுக்கும் அதே அளவுகோல்தான். நமக்கு சிலம்பம் இருக்கு, வர்மம் இருக்கு, அதுல எழுதப்படாத வரலாறு அவ்வளவு கிடக்கு, அந்த நேரத்த அதுக்குக் கொடுக்கலாம்.

போட்டி ரூல்ல இப்ப என்ன வித்தியாசம்?

டேக்வாண்டோல கவசத்துல சென்சார், குத்துக்கு 1, உடம்புல உதைச்சா 2, தலைக்கு 3, திரும்பி உதைச்சா உடம்புக்கு 4, தலைக்கு 5. கராத்தேல கைக்கு 1, உடம்புல உதைக்கு 2, தலைக்கு உதைச்சாலோ கீழ தள்ளி அடிச்சாலோ 3, தலைய குறி வைக்கலாம் ஆனா கட்டுப்பாட்டோட தொடணும், 8 பாயிண்ட் முன்னாடி போயிட்டா ஆட்டம் முடிஞ்சது. கராத்தே ஒலிம்பிக்ல வந்தது டோக்கியோ 2020-ல மட்டும்தான்.

கராத்தேல பிளாக் பெல்ட், டேக்வாண்டோக்கு மாறினா?

பெல்ட் மாறாது, வெள்ளைல இருந்து ஆரம்பிக்கணும், ஆனா சீக்கிரம் ஏறுவீங்க. கைத்தடுப்பு, குத்து, திரும்பற விதம் உங்களுக்கு ஏற்கனவே கைவந்திருக்கும். கஷ்டப்படப் போறது ரெண்டு இடத்துல: நிலைய குட்டையாக்கறது, அப்புறம் உதைக்கறப்ப ஊனின காலோட குதிகால் எதிராளிய பாக்கற அளவுக்கு இடுப்ப முழுசா திருப்பறது. கராத்தேல உதைச்சதும் காலை இழுத்துக்கிட்டு அதே இடத்துல நிக்கப் பழகியிருப்பீங்க, இங்க உதைச்ச கால் முன்னாடியே இறங்கி அடுத்த உதை கிளம்பும். முதல் ஒரு மாசம் இடுப்பு வலிக்கும், அவசரப்பட்டு உசரமா உதைக்காதீங்க, இடுப்பு உசரத்துலயே சுத்தமா திரும்பப் பழகுங்க.